திடலோரம்: தோற்கிற குழுவை விட்டுவிட்டுப் போவதா?

கேள்வி: ஐயா, நான் ஆதரிக்கும் குழு, மலேசியக் காற்பந்தில் சூப்பர் லீக்குக்கு அடுத்த படியான ஏ1 செமி-புரோ லீக்கில் ஆடுகிறது. இந்தப் பருவத்தில் நான் நேரில் போய்ப் பார்த்த ஏழு ஆட்டங்களில் ஒன்றில்கூட வெற்றி இல்லை. போன வாரம் 88-ஆம் நிமிடம் வரை சமநிலை, அப்புறம் இரண்டு கோல் வாங்கினார்கள். கூட்டாளிகள் எல்லாரும் "போதும்டா, வீட்டிலேயே உட்கார்ந்து இங்கிலீஷ் லீக் பாரு" என்கிறார்கள். திடலுக்குப் போவதை நிறுத்திவிடலாமா?
(ஒரு வாசகர், பிறை)

பதில்: தம்பி, நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் நிறுத்திப் பார்த்தவன்தான். 2017-இல் நம் பினாங்குக் குழு சூப்பர் லீக்கில் ஆகக் கடைசியாக வந்து தரமிறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜனவரியில்தான் நம் ஆட்டக்காரர் ஃபைஸ் சுப்ரி சூரிக் நகரத்து மேடையில் ஏறி, ஆண்டின் மிக அழகான கோலுக்கு ஃபிஃபா கொடுக்கும் புஸ்காஸ் விருதை வாங்கினார். 2016 பிப்ரவரி 16, பண்டாராயா அரங்கம், எதிரணி பகாங். அவர் உதைத்த ஃப்ரீ கிக் ஒரு பக்கம் போகிற மாதிரி கிளம்பி, நடுவானில் திசை மாறி வலைக்குள் போனது. என் பக்கத்தில் இருந்தவர் கையில் வைத்திருந்த கச்சாங் பூத்தே கூம்பு அப்படியே என் மடியில் கொட்டியது. அந்தக் கோலைப் பார்த்த அதே இருக்கையில் மறுவருடம் உட்கார்ந்து தோல்விமேல் தோல்வியாகப் பார்க்க முடியவில்லை. ஒரு நாள் இடைவேளையிலேயே எழுந்து வந்துவிட்டேன். அப்புறம் இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

வருத்தம் குறைந்ததா என்றால், இல்லை. ஆட்ட நாள் சாயங்காலம் கோயிலுக்குப் போனாலும் சரி, கல்யாண விருந்துக்குப் போனாலும் சரி, கை போனைத் தேடிக்கொண்டே இருக்கும். தோல்வியைத் தனியாகத் தெரிந்துகொள்வது, திடலில் நூறு பேரோடு நின்று பார்ப்பதைவிட மோசமாக இருந்தது. மூன்றாவது மாதம் டிக்கெட் வாங்கிவிட்டேன்.

கூட்டாளிகள் சொல்லும் இங்கிலீஷ் லீக்கை நானும் பார்க்கிறேன், நல்ல ஆட்டம்தான். ஆனால் அங்கே தோற்றால் என் தொண்டை அடைப்பதில்லை. உங்கள் குழு 88-ஆம் நிமிடத்தில் கோல் வாங்கியதை நீங்கள் நிமிடக் கணக்கோடு எழுதியிருக்கிறீர்கள். போங்கள் தம்பி. கோபத்தோடேயே போங்கள்.

கேள்வி: காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிறோம். மோசமாக ஆடும் ஆட்டக்காரரைத் திட்டுவதற்கு ரசிகனுக்கு உரிமை இல்லையா?
(ஒரு கல்லூரி மாணவர், சுங்கை பாக்காப்)

பதில்: இதற்கு நடந்த ஒரு விஷயத்தைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் கீழ்ப் பிரிவில் ஆடும் ஒரு சின்னக் குழுவின் ஆட்டத்துக்குப் போயிருந்தேன். குழுவின் பெயர் வேண்டாம். பார்வையாளர் இருநூறு பேர்கூட இருக்கமாட்டார்கள், யார் கத்தினாலும் திடலின் மத்தி வரைக்கும் கேட்கும். இடது பக்கம் ஆடிய ஒரு பையன், நம் இனத்துப் பையன், பினால்டியைக் கம்பத்துக்கு மேலே அடித்துவிட்டான். நான் எழுந்து நின்று, எழுதக் கூடாத ஒரு வார்த்தை சொன்னேன். தமிழில் சொன்னேன். அங்கே அது புரிந்தது அவன் ஒருவனுக்குத்தான். திரும்பிப் பார்த்தான்.

ஆட்டம் முடிந்து மழை பிடித்துக்கொண்டது. வெளியே ஒட்டுக்கடையில் தே ஓ குடித்துக்கொண்டிருந்தேன். அதே பையன் பையோடு வந்து நின்றான். மோட்டாரில் எண்ணெய் இல்லை, பட்டர்வொர்த் வரை ஏற்றிக்கொண்டு போக முடியுமா என்று கேட்டான். என்னை அடையாளம் தெரிந்துதான் கேட்டான் என்று நினைக்கிறேன். காரில் ஏறியதும் ஒரு நெடி. பூட்ஸின் அடிப்பாகம் கழன்று, பசை போட்டு ஒட்டி, ரப்பர் பட்டை சுற்றி வைத்திருந்தான். இடைவேளையில் ஒட்டியதாம், மழை ஈரத்தில் மறுபடி வாய் பிளந்துவிட்டது. சம்பளம் வந்து மூன்று மாதமாகிறது என்றான். காலையில் தொழிற்சாலையில் வேலை, மாலையில் பயிற்சி. இறங்கும்போது "நன்றி அங்கள், அடுத்த ஆட்டத்துக்கும் வாங்க" என்றான். அந்தப் பசை நெடி இரண்டு நாள் காரை விட்டுப் போகவில்லை. அந்த வார்த்தையை அவனிடம் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு அன்று தைரியம் வரவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

உங்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமை இருக்கிறது தம்பி, பதில் சொல்ல வேண்டியவரைப் பார்த்துக் கேளுங்கள். இரண்டு மாதச் சம்பளம் முறையில்லாமல் பாக்கி வைத்தால், ஆட்டக்காரர் எழுத்துமூலம் 15 நாள் அவகாசம் கொடுத்து, அதற்கும் பணம் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்பது ஃபிஃபா விதி. 2018-இலிருந்து இருக்கிறது. ஆனால் இருபது வயதுப் பையன் வேறு குழு கிடைக்குமோ கிடைக்காதோ என்று பயந்து பொறுத்துக்கொள்கிறான். நிர்வாகம் அந்தப் பயத்தை நம்பித்தான் காலம் தள்ளுகிறது. சம்பளம் கொடுத்தாயிற்றா, விளம்பர ஆதரவாளர் கொடுத்த பணம் எங்கே போனது, வரவு செலவுக் கணக்கைக் காட்டுவீர்களா என்று துணியில் எழுதித் தூக்கிப் பிடியுங்கள். நிர்வாகத்தினர் உட்காரும் பக்கம் பார்த்துப் பிடியுங்கள். நானும் ஒரு முனையைப் பிடித்துக்கொள்கிறேன்.

கேள்வி: பெரிய லீக்கில் கடைசி இடம், சின்ன லீக்கில் முதல் இடம், எது மேல்?
(ஒரு வாசகர், ஜெலுத்தோங்)

பதில்: பினாங்கு இரண்டையும் பார்த்துவிட்டது. இறங்கிய குழு 2020-இல், அப்போது சூப்பர் லீக்குக்கு அடுத்த படியாக இருந்த மலேசியப் பிரிமியர் லீக்கில் பட்டம் வாங்கி மேலே வந்தது. மறுவருடமே, 2021-இல், சூப்பர் லீக்கில் மூன்றாம் இடம். 2022-இல் பன்னிரண்டு குழுவில் பன்னிரண்டாவது! சின்ன லீக்கில் முதலிடம் வந்த வருடம் கோவிட் காலம், சேர்ந்து கொண்டாட முடியாமல் போனது. அந்தக் குறை இன்னும் மனசில் இருக்கிறது.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். 2023-இல் பிரிமியர் லீக்கை எடுத்துவிட்டார்கள். கடைசி இடம் வந்தாலும் இறங்க வேண்டியதில்லை என்று ஆனபோது பலர் நிம்மதி என்றார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. கீழே விழும் பயம் இருந்த காலத்தில் கடைசி மூன்று ஆட்டம் உயிர்போகிற ஆட்டமாக இருந்தது. விழுந்தால் எழுந்து வரும் ஆசையும் இருந்தது.

கேள்வி: தோற்றுவிட்டு வந்தால் என் கணவர் சாப்பிடமாட்டார், பிள்ளைகளிடம் பேசமாட்டார். இது என்ன பழக்கம்?
(ஓர் இல்லத்தரசி, ஆயர் ஈத்தாம்)

பதில்: பிள்ளைகளிடம் முகம் திருப்புவது தப்பு அம்மா, அதில் அவர் பக்கம் நான் பேசமாட்டேன். 1974-இல் பினாங்கு மலேசியக் கிண்ணம் வாங்கியபோது நான் ஐந்தாம் வகுப்பு. அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தார். அதற்குப் பிறகு இன்றுவரை அந்தக் கிண்ணம் நம் பக்கம் வரவில்லை. அப்பா தோற்றுவிட்டு வந்த எத்தனையோ ராத்திரி எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் அவர் சும்மா இருந்ததில்லை. சாப்பாட்டுத் தட்டில் பருப்பையும் அப்பளத்தையும் வைத்து, இவன் இங்கே நின்றிருக்க வேண்டும், பந்து இப்படி வந்திருக்க வேண்டும் என்று காட்டுவார். நான் காற்பந்து படித்தது அந்தத் தட்டில்தான். அடுத்த ஆட்டத்துக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். திரும்பி வரும் வழியிலேயே பேச ஆரம்பித்துவிடுவார்.

கேள்வி: நமக்கென்று ஒரு குழு இருந்ததே, என்ன ஆயிற்று?
(ஒரு வாசகர், செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் எம்.ஐ.எஸ்.சி.-மிஃபா குழுவைக் கேட்கிறீர்கள். பிரிமியர் லீக்கில் ஆடி, 2019-இல் சூப்பர் லீக்குக்கு ஏறியது. பிஜே சிட்டி என்று பெயர் மாறியது. 2022 பருவத்தோடு லீக்கை விட்டு விலகிக்கொண்டது. அதே நேரத்தில் மலாக்கா யுனைடெட்டும் சரவாக் யுனைடெட்டும் அடுத்த பருவத்துக்கான உரிமம் கிடைக்காமல் வெளியேறின. மிஃபா குழு தோற்றபோதெல்லாம் நான் முணுமுணுத்தேன். இப்போது முணுமுணுக்கவும் வழியில்லை. பிறை வாசகர் இதையும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கேள்வி: அடுத்த ஆட்டத்துக்கு நீங்கள் வருவீர்களா? எங்கே உட்காருவீர்கள்?
(பிறை வாசகரின் கூட்டாளி என்று எழுதியவர்)

பதில்: வருகிறேன். உங்கள் திடலில் கூரை கிடையாது என்று கேள்விப்பட்டேன், குடை கொண்டுவருகிறேன். இடது பக்கக் கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பேன். துணியும் சாயமும் நீங்கள் கொண்டுவாருங்கள்.