திரள் ரோபோவுக்குக் கூடுதல் மூளை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் 12 ஈ-பக் ரோபோக்கள் (கூட்டமாக இயங்கும் திரள் ஆய்வுக்குப் பயன்படும் சிறு சக்கர ரோபோக்கள்) இருக்கின்றன. எல்லாம் முதல் தலைமுறை. கேமரா படத்தை ரோபோவே அலசிப் பார்க்க வேண்டும், ஆனால் உள்ளே இருக்கும் சிப் திணறுகிறது. புது ரோபோ வாங்காமல் வழி உண்டா?

பதில்: உண்டு. அந்த ரோபோவை இயக்கும் சிறு கணினிச் சிப்பான டிஎஸ்பிக் மைக்ரோகன்ட்ரோலருக்கு ரேம் 8 கிலோபைட்தான். 640-க்கு 480 கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றே 300 கிலோபைட். அதனால்தான் படத்தை 40-க்கு 40 வண்ணப் படமாக (புள்ளிக்கு 2 பைட்) சுருக்கி, 3,200 பைட்டில் பலரும் சமாளிக்கிறார்கள்.

ரோபோவின் தலைமேல் ராஸ்பெரி பை ஜீரோ என்ற சிறிய ஒற்றைப் பலகைக் கணினியை (சுருக்கமாக ‘பை’) பொருத்துவது நல்ல தீர்வு. பிரிட்டனின் யார்க் பல்கலைக்கழகத்தில் உருவான பை-பக் பலகை இதைத்தான் செய்கிறது. 1 கிகாஹெர்ட்ஸ் வேகமும் 512 மெகாபைட் ரேமும் கிடைக்கும். பையின் சொந்தக் கேமரா இணைப்பிலேயே கேமராவை மாட்டுங்கள். டிஎஸ்பிக் வழியாகப் படத்தைக் கொண்டுவந்தால் பழைய நெரிசல்தான் மிஞ்சும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: மோட்டார்களை டிஎஸ்பிக்தான் ஓட்ட வேண்டும். பையில் ஓடும் இயங்குதளமான லினக்ஸ் சில நேரம் பத்து, இருபது மில்லிநொடி வேறு வேலைக்குப் போய்விடும். சக்கரத்துக்குத் துடிப்பு தவறும். பை வேகக் கட்டளை மட்டும் அனுப்பட்டும். 200 மில்லிநொடிக்குள் அடுத்த கட்டளை வராவிட்டால் சக்கரங்களை நிறுத்தும்படி டிஎஸ்பிக்கில் எழுதிவிடுங்கள். பை உறைந்துபோனாலும் ரோபோ சுவரில் மோதாது.

பைக்கும் டிஎஸ்பிக்குக்கும் இடையே ஐ2சி (தரவுக்கு ஒன்று, நேரத்தாளம் தரும் கடிகாரத்துக்கு ஒன்று என இரண்டு கம்பி இணைப்பு) போட்டால் விட்டுவிட்டு வரும் பிழைகளுக்குத் தயாராக இருங்கள். மைக்ரோகன்ட்ரோலர் பதில் தயாரிக்கும்வரை கடிகாரக் கம்பியைப் பிடித்து வைத்திருக்கும். பை ஜீரோவின் சிப் அதைச் சரியாகக் கையாளாததால் பைட்டுகள் சிதையும். வேகத்தைக் குறைத்தாலோ மென்பொருள் ஐ2சிக்கு மாறினாலோ சரியாகும். சீரியல் இணைப்பென்றால், வயர்லெஸ் உள்ள பையில் நல்ல சீரியல் போர்ட்டை ப்ளூடூத் பிடித்திருக்கும். அதை முதலில் அணையுங்கள்.

கேள்வி: நாங்கள் பை ஜீரோ 2 பொருத்தினோம். முதல் அரைமணி நேரம் நன்றாக ஓடுகிறது. பிறகு சக்கரம் கிளம்பும்போதெல்லாம் பை தானாக மறுபடி துவங்குகிறது. பலகை பழுதா?

பதில்: பலகையைக் கழற்றாதீர்கள், மின்சாரத்தைப் பாருங்கள். பையின் சிப்பிலுள்ள நான்கு கோரும் (கணக்கிடும் பகுதிகள்) வேலை செய்யும்போது 5 வோல்ட்டில் அரை ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் 2.5 வாட். பேட்டரியின் வோல்ட்டை 5-க்கு உயர்த்தும் பூஸ்ட் கன்வெர்ட்டரின் திறன் 85 சதவீதம் என்றால் பேட்டரி ஏறக்குறைய 2.9 வாட் தர வேண்டும். பேட்டரி 3.3 வோல்ட்டுக்கு இறங்கும்போது அது 0.9 ஆம்பியர். வோல்ட் குறையக் குறைய ஆம்பியர் ஏறும். அரைமணி கழித்துத் தொல்லை தொடங்குவது அதனால்தான். மெல்லிய கம்பியும் கனெக்டரும் சேர்ந்து 0.2 ஓம் இருந்தால் அங்கேயே 0.18 வோல்ட் போய்விடும், அதன்மேல் மோட்டாரின் இழுப்பு.

பேட்டரியிலிருந்து கன்வெர்ட்டருக்குத் தடித்த, குட்டையான கம்பி போடுங்கள். 5 வோல்ட் பக்கம் பைக்கு ஒட்டி 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள். மோட்டாருக்கான கம்பி பேட்டரியிலிருந்தே தனியாகப் பிரியட்டும். தேவையில்லாத கோர்களை அணைப்பதும் உதவும். பை ஜீரோ வகையில் குறைமின்னழுத்த எச்சரிக்கை வராது, அதனால் மல்டிமீட்டரைவிட, நொடிப்பொழுது வோல்ட் சரிவையும் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பே நம்பகமானது. திடீர் நிறுத்தங்கள் எஸ்டி கார்டைக் கெடுக்கும்; கோப்பமைப்பைப் படிக்க மட்டும் என்ற முறையில் வையுங்கள்.

கேள்வி: ஒரு ரோபோவில் சரியாக ஓடும் நிரல், இருபதில் தடுமாறுகிறதே?

பதில்: ஒரே கார்டை நகலெடுத்தீர்களா? அப்படியானால் பெயரும் அடையாள எண்ணும் ஒன்றாகவே இருக்கும்; ஒவ்வொன்றிலும் மாற்றுங்கள். வைஃபையின் மின்சேமிப்பை அணையுங்கள், தாமதம் குறையும். எல்லோருக்கும் ஒலிபரப்பும் செய்திகள் மிகக் குறைந்த வேகத்தில் போகும், பெற்றதற்கான பதிலும் வராது. அதனால் இருபது ரோபோவும் நொடிக்குப் பலமுறை கத்தினால் அலைவரிசை நிறைந்துவிடும். ரோபோ நிரல்கள் தமக்குள் செய்தி பரிமாற உதவும் ரோஸ் 2 மென்பொருளைப் பயன்படுத்தினால், ரோபோக்கள் ஒன்றையொன்று தேடும் செய்திகளே சுமையாகும். தேடுதலை ஒரு சர்வரிடம் ஒப்படையுங்கள்.