மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஓர் ஆலையின் மீது உண்மையில் என்ன செய்ய முடியும்? விபத்து நேர்ந்தால் யார் வருவார்கள்?

இரவில் உங்கள் ஊர் வாய்க்காலில் நிறம் மாறிய தண்ணீர் ஓடுகிறது என்றும், புகார் கொடுத்தால் "மாதிரி எடுத்திருக்கிறோம்" என்பதைத் தாண்டி ஒரு பதிலும் வருவதில்லை என்றும், நாளை ஒரு வாயுக் கசிவு நேர்ந்தாலும் இதே கதிதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சாயத்தொழில் சார்ந்த கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமொன்றில் வேதியியலாளராகப் பல ஆண்டுகள் பணிபுரிந்தவன் நான். வாரியத்தின் பொறியாளர்கள் ஆய்வுக்கு வரும்போது ஆலையின் தரப்பில் உடன் நிற்பது என் வேலையாக இருந்தது. அந்த அனுபவத்தோடு, தமிழ்நாட்டு வாரியத்தை வைத்தே பதில் சொல்கிறேன். வாரியத்திடம் அதிகாரம் இல்லை என்பது பரவலான எண்ணம். ஆனால் அதிகாரம் நிறையவே இருக்கிறது. உரிய நேரத்தில், உரிய முறையில் எடுக்கப்பட்ட சான்று கையில் இல்லாவிட்டால் அந்த அதிகாரத்தால் பயனில்லை என்பதுதான் சிக்கல்.

1974ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் கீழ், 1982 பிப்ரவரியில் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டது. கழிவை வெளியேற்றும் ஆலை, கட்டத் தொடங்குமுன் வாரியத்தின் அனுமதியான இசைவாணை ஒன்றையும், இயங்கத் தொடங்குமுன் இன்னொரு இசைவாணையும் பெற வேண்டும். நாளொன்றுக்கு எவ்வளவு கழிவுநீர், எந்த வழியாக, எந்தத் தரத்தில் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். ஆறு, வாய்க்கால் போன்ற நீர்நிலைகளில் விடும் நீருக்கான பொதுத் தரத்தில், உயிரிய ஆக்சிஜன் தேவை (நீரிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்கு வேண்டிய ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கும், கரைந்த உப்புகள் 2100 மில்லிகிராமுக்கும் மேல் போகக் கூடாது. திருப்பூர் சாயத்தொழிலுக்கு இந்தச் சலுகையும் இல்லை. ஒரு சொட்டுக்கூட வெளியே போகாதபடி முழுவதையும் மறுசுழற்சி செய்ய வேண்டும். ஆகவே உங்கள் வாய்க்காலில் ஓடுவது சாயநீர் என்றால், அது எவ்வளவு கெட்டிருக்கிறது என்ற வாதத்துக்கே இடமில்லை.

இப்போது அந்த "மாதிரி எடுத்திருக்கிறோம்" என்ற பதிலுக்கு வருவோம். நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவை ஒருமுறை படித்துப் பார்த்தால் அதன் கனம் விளங்கும். மாதிரி எடுக்கும் அலுவலர், அதைப் பகுப்பாய்வு செய்யப்போவதாக ஆலைப் பொறுப்பாளருக்கு அந்த இடத்திலேயே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பொறுப்பாளர் கேட்டால் அவர் கண்முன்னே மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கலனில் அடைத்து, முத்திரையிட்டு, இருவரும் கையொப்பமிட்டு, வாரிய ஆய்வகத்துக்கு ஒன்றை அனுப்ப வேண்டும். இதில் ஒரு படி தவறினாலும் அந்தப் பகுப்பாய்வு அறிக்கை நீதிமன்றத்தில் செல்லாது. பொறுப்பாளர் வேண்டுமென்றே ஒளிந்துகொண்டால் அலுவலர் மட்டும் கையொப்பமிட்டு அனுப்பலாம் என்றும் சட்டம் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறது. ஆனால் திறந்துவிட்ட மதகு மூடப்பட்டபின், வாய்க்கால் நீர் ஓடி முடிந்தபின் அங்கே போய் நிற்பவருக்கு இந்தப் பிரிவால் ஒரு பயனும் இல்லை. இரவிலும் மழை நாளிலும் கழிவைத் திறந்துவிடுவதற்குக் காரணமே இதுதான். நள்ளிரவில் ஓடும் நீர் விடிவதற்குள் கடந்துவிடும். மழைநீரில் கலந்த கழிவு தரத்துக்கு உட்பட்டதாகவே ஆய்வகத்தில் தெரியும். திடீர் ஆய்வுக்கென வாரியத்திடம் பறக்கும் படைகள் இருக்கின்றன என்றாலும், ஒரு மாவட்டத்தின் அத்தனை ஆலைகளையும் இரவெல்லாம் சுற்றிவர அவற்றால் இயலாது.

சான்று கைக்கு வந்துவிட்டால் வாரியத்தின் கை ஓங்கும். விளக்கம் கேட்கும் அறிவிப்பு முதலில் போகும். அதன்பின் நீர்ச் சட்டத்தின் 33அ பிரிவிலும், காற்று மாசைத் தடுக்கும் காற்றுச் சட்டத்தின் 31அ பிரிவிலும் ஆலையை மூடவும், மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தவும் நீதிமன்றத்துக்குப் போகாமலேயே வாரியம் ஆணையிடலாம். நான் பார்த்த வரையில் ஆலை முதலாளிகள் உண்மையாக அஞ்சுவது மின் துண்டிப்புக்கு மட்டுமே. குற்றவியல் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடும். காற்றுச் சட்டத்தில் இருந்த சிறைத்தண்டனைகளில் பலவும் 2023இல் கொண்டுவந்த திருத்தத்தால் அபராதமாகிவிட்டன. மின்சாரம் நின்றாலோ அன்றைக்கே உற்பத்தி நின்றுவிடும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னபோது, அதுவரை ஆண்டுகளாக "சாத்தியமில்லை" என்று சொல்லப்பட்டுவந்த மறுசுழற்சித் தொழில்நுட்பம், மூடிய கதவைத் திறப்பதற்காகச் சாத்தியமானது. சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றின் பாசன விவசாயிகள் அதற்குள் இழந்தவை திரும்பவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பண இழப்பீட்டைப் பொறுத்தவரை, வாரியமே அதை விதிக்கலாமா என்ற ஐயம் நெடுங்காலம் இருந்தது. அதற்கான விதிமுறைகளை வகுத்துக்கொண்டபின் விதிக்கலாம் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. இசைவாணையே இல்லாத பட்டறைகளில் இந்தச் சுற்றெல்லாம் கிடையாது. குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளில் அவற்றை இயந்திரம் கொண்டு இடித்தே அகற்றுகிறார்கள்.

அவசரநிலை வேறு கதை. வாரியம் மீட்புப் படையன்று என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். வாயு கசிந்தால் வருவது தீயணைப்புத் துறை, காவல் துறை, 108 ஊர்தி. மக்களை அப்புறப்படுத்தும் முடிவு மாவட்ட ஆட்சியருடையது. 1996ஆம் ஆண்டின் வேதி விபத்து விதிகள் மாநிலம், மாவட்டம், உள்ளூர் என்று நெருக்கடிக் குழுக்களை அமைக்கச் சொல்கின்றன. ஆலைக்குள் என்ன செய்வது என்ற திட்டம் ஆலையின் பொறுப்பு; மதிலுக்கு வெளியே என்ன செய்வது என்ற திட்டம் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. வாரியத்தின் வேலை அளப்பதும், காரணத்தைக் கண்டறிவதும், ஆலையை நிறுத்துவதும் ஆகும். நீர்ச் சட்டத்தின் 32ஆம் பிரிவு இதற்குமேலும் போகிறது: ஓடையிலோ கிணற்றிலோ நச்சு கலந்துவிட்டால், அதை அகற்றும் வேலையை வாரியமே உடனடியாகத் தொடங்கலாம்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூரில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. மூச்சுத் திணறி எழுந்த பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். வாரியம் ஆலைக்கருகே காற்றில் அளந்தபோது கனமீட்டருக்கு 2090 மைக்ரோகிராம் அமோனியா இருந்தது. 24 மணி நேரத்துக்கான தரம் 400. ஆலை நிறுத்தப்பட்டது. வாரியம் தன் கடமையைச் செய்தது என்று சொல்லலாம். ஆனால் எந்தத் திசையில் ஓடுவது என்று அந்த மக்களுக்கு அன்றிரவு எவரும் சொல்லவில்லை என்பதே என் மனத்தை இன்றும் அறுக்கிறது. அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தபோது, மீனவர்களே படகில் போய் அதை அள்ளினார்கள். கடலில் எண்ணெய் கொட்டினால் கடலோரக் காவல் படை முன்னிற்கும் என்று தேசியத் திட்டம் இருக்கிறது. கடலுமாகாத கரையுமாகாத முகத்துவாரத்தில் முதல் பொறுப்பு யாருடையது என்பது அந்த நாட்களில் தெளிவாக இருக்கவில்லை.

விபத்துகளில் பலவும் விபத்துக்கு முந்தைய ஆய்வில் விட்டுப்போனவை என்பது என் உறுதியான கருத்து. 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் கழிவுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்து, அருகில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்படப் பத்துப் பேர் இறந்தார்கள். பல மாதங்கள் அகற்றாமல் சேர்த்துவைத்தால்தான் சேறு அந்த அளவுக்கு உயரும். ஆய்வுக்குப் போகிறவர் கண்ணுக்கு அது தப்பவே தப்பாது.

நீங்கள் செய்யக்கூடியது இது. நீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, எந்த நேரமானாலும், வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்கு அழையுங்கள். தேதி, நேரம், இடம் தெரியும்படி ஒளிப்படம் எடுத்து, மறுநாளே எழுத்துப்பூர்வமான புகாராகவும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நீங்களே பாட்டிலில் பிடித்துவைக்கும் நீர் 21ஆம் பிரிவின்படி சான்றாகாது என்றாலும், அலுவலரை அங்கே வரவழைக்க அது உதவும். ஆய்வறிக்கையின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வாரியம் அசையாவிட்டால், நீர்ச் சட்டத்தின் 49ஆம் பிரிவின்படி அதற்கு 60 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு நீங்களே குற்றவியல் நீதிமன்றத்தில் முறையிடலாம். அப்போது நீங்கள் கேட்கும் அறிக்கைகளை, பொதுநலனுக்கு எதிரானவை என்று கருதினாலொழிய, வாரியம் தந்தாக வேண்டும். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னையிலுள்ள தென்மண்டல அமர்வுக்குப் போவதானால் காலக்கெடுவைக் கவனியுங்கள்: மாசை நிறுத்தக் கோரும் மனுவுக்குக் காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம், இழப்பீடு கோரும் மனுவுக்கு ஐந்து ஆண்டு. உங்கள் புகாரின் முதல் ஒப்புகையிலுள்ள தேதி அங்கே கேட்கப்படும்.