அன்றாட வாழ்விலும் மின்வேலையிலும் கம்பிகள் எதற்கெல்லாம் பயன்படுகின்றன?

கம்பியின் பொதுவான பயன்களைக் கேட்டிருக்கிறீர்கள். கூடவே, செம்பு இவ்வளவு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும்போது மின்வேலையில் வேறு உலோகக் கம்பிகள் எதற்கு என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்வியில்தான் சொல்ல நிறைய இருக்கிறது என்பதால் முதலாவதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

மின்சாரத்தோடு தொடர்பில்லாத கம்பிகளில் பெரும்பாலானவை எஃகு. கட்டுமானத்தில் கட்டுக்கம்பி, வேலியில் முள்கம்பி, பேனாவுக்குள் ஸ்பிரிங், சைக்கிளில் பிரேக் கேபிள், லிஃப்டைத் தாங்கும் வடம் என்று எங்கும் அது இருக்கிறது. ஆணிகூடப் பெரும்பாலும் கம்பியை வெட்டித் தலை அடித்துச் செய்யப்படுவதுதான். அச்சுத் துளை வழியாக இழுத்து மெலிதாக்கும்போது கம்பி இறுகிக் கடினமாகிவிடும். கையால் முறுக்க வேண்டிய கட்டுக்கம்பியை அதன் பிறகு சூடாக்கி ஆறவிட்டு இளக்குகிறார்கள். ஸ்பிரிங்குக்கோ அந்த விறைப்புதான் தேவை.

மின்வேலைக்கு வருவோம். ஓர் இஸ்திரிப்பெட்டியை இயக்கும்போது ஃபியூஸ் கம்பி, சுவருக்குள் செல்லும் செம்புக் கம்பி, பெட்டிக்குள் இருக்கும் நிக்ரோம் கம்பி ஆகிய மூன்றிலும் அந்தப் பெட்டிக்கான அதே மின்னோட்டம்தான் பாய்கிறது. ஆனால் முதலாவது அளவு மீறினால் உருகி அறுந்துபோக வேண்டும், இரண்டாவது சூடே ஏறாமல் இருக்க வேண்டும், மூன்றாவது நன்றாகச் சூடாக வேண்டும். பொதுவாக 80 சதவீதம் நிக்கலும் 20 சதவீதம் குரோமியமும் கலந்த நிக்ரோமின் மின்தடை, அதே நீளமும் தடிமனும் உள்ள செம்பைப் போல 60 மடங்குக்கும் அதிகம். அதோடு, சூட்டில் அதன் மேற்பரப்பில் படியும் குரோமிய ஆக்சைடு உள்ளிருக்கும் உலோகத்தைக் காப்பதால், செந்தணலாக இருக்கும்போதும் அது எளிதில் அரித்துப்போவதில்லை. (ஃபியூஸ் கம்பியின் இடத்தை இப்போது பெரும்பாலும் எம்சிபி, அதாவது மின்னோட்டம் அளவு மீறினால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், பிடித்துவிட்டது, மாற்றம் நல்லதுதான், ஏனெனில் அறுந்த ஃபியூஸுக்குப் பதிலாகக் கையில் கிடைத்த தடித்த கம்பியைக் கட்டும் ஆபத்தான பழக்கத்துக்கு அதில் இடமில்லை.)

வயரிங்கில் கம்பியின் தடிமனுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதை ஒரு கணக்கில் காட்டலாம். 20 மீட்டர் தொலைவில் உள்ள ஹீட்டர் 10 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர 40 மீட்டர் கம்பி. அது 1 சதுர மி.மீ. செம்பாக இருந்தால் மின்தடை ஏறத்தாழ 0.7 ஓம், கம்பியிலேயே 70 வாட் வெப்பமாக வீணாகிறது. 2.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 30 வாட்டுக்குள் அடங்கிவிடும். மின்னோட்டம் இரட்டித்தால் இந்த வெப்பம் நான்கு மடங்காகும் என்பதால், ஒரே இணைப்பில் இரண்டு பெரிய சாதனங்களைச் செருகுவதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.

வெளியே கம்பங்களில் செல்லும் கம்பிகளுக்கு அலுமினியம்தான் ஏற்றது. அதன் கடத்துதிறன் செம்பில் சுமார் 60 சதவீதமே என்றாலும் அடர்த்தி மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே அதே மின்தடைக்குத் தடிமன் கூடினாலும் எடை பாதியளவுதான் வருகிறது. நீண்ட தொலைவுக்குத் தொய்யாமல் நிற்க நடுவில் எஃகு இழைகளைச் சேர்ப்பதும் உண்டு. வீட்டுக்குள் அலுமினியத்தை நான் விரும்பாததற்குக் காரணம், திருகாணி இறுக்கிய இடத்தில் அது நாளடைவில் நசுங்கித் தளர்வதும், அதன் மேல் படியும் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாததும்தான். மூட்டு சூடாவதற்கு இவை இரண்டும் போதும்.

மோட்டார் காயிலில் சுற்றியிருப்பது வெறும் செம்புபோலத் தெரிந்தாலும் அதன் மேல் மெல்லிய எனாமல் பூச்சு உண்டு; அது கருகினால் சுற்றுகள் ஒன்றோடொன்று தொட்டு காயில் எரிந்துபோகும். அடிக்கடி வளையும் இடங்களில் ஒற்றைக் கம்பி முறிந்துவிடும் என்பதால் சாதனங்களின் வயரில் பல நுண்ணிழைகளை முறுக்கிப் போடுகிறார்கள். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டி வைத்தபடியே ஹீட்டருக்குப் பயன்படுத்தாதீர்கள். வெப்பம் வெளியேற வழியின்றி உள்சுற்றுகளின் பிளாஸ்டிக் உறை இளகிவிடும். முழுவதும் பிரித்துப் போட்ட பிறகே செருகுங்கள்.