குறுக்குவில் தானாக விடுபடாமல் இருக்கப் பூட்டை எங்கே வைப்பது?

கேள்வி கேட்டவர் வீட்டுப் பட்டறையில் 150 பவுண்டு இழுப்புள்ள குறுக்குவில் (நீளமான கட்டையின் முன்முனையில் குறுக்காகப் பொருத்திய வில்) ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார். அம்பை விட விரலால் இழுக்கும் விசையை இழுக்க முடியாதபடி குறுக்கே ஓர் ஆணியைச் செருகியிருக்கிறாராம். அது போதுமா என்கிறார். போதாது. ஆணியில் குறையில்லை, அது இருக்கும் இடம்தான் தவறு.

இயந்திரப் பாகங்களை வடிவமைப்பது என் தொழில், குறுக்குவில் என் பொழுதுபோக்கு. எந்தப் பொறியைப் பார்த்தாலும் சுமை எந்த வழியாக இறங்குகிறது என்றுதான் முதலில் தேடுவேன். 150 பவுண்டு என்பது ஏறத்தாழ 68 கிலோ. நாணில் ஓர் ஆளே தொங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாணைப் பிடித்திருப்பது இரட்டைக் கொம்புள்ள ஓர் உருளை. உருளை சுழன்றுவிடாமல் அடியில் முட்டுக்கொடுத்து நிற்பது சியர் எனப்படும் சிறு தாழ். நீங்கள் விவரித்திருக்கும் அமைப்பில் விசையின் வேலை அந்தத் தாழை நகர்த்துவதோடு முடிந்துவிடுகிறது. சுமையில் அதற்குப் பங்கே இல்லை. எனவே விசையைப் பூட்டினால் விரலுக்குத்தான் தடை. வில் கைதவறித் தரையில் விழுந்தால் அந்த அதிர்ச்சியில் தாழ் துள்ளி விலகக்கூடும். ஆணி அப்படியே இருக்கும், அம்பு போயிருக்கும்.

பூட்ட வேண்டியது உருளையை. கட்டையின் பக்கவாட்டிலிருந்து நுழைந்து, உருளையில் வெட்டிய காடிக்குள் உட்காரும் எஃகு முளை ஒன்று போதும். அதற்கு இடமில்லையென்றால் தாழையாவது நகரவிடாமல் நிறுத்துங்கள்.

பழைய வில்கள் பெரும்பாலானவற்றில் இப்படி ஒன்றும் கிடையாது. இடைக்கால ஐரோப்பிய வில்லில் உருளையை மான்கொம்பில் கடைந்திருப்பார்கள். தாழ் முட்டும் இடத்தில் மட்டும் எஃகுத் துண்டு ஒன்றைப் பதிப்பதுண்டு. தேய்மானம் எங்கே வரும் என்று அந்தக் கைவினைஞர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் விசையும் தாழும் ஒரே நெம்புகோலின் இரு முனைகள். கட்டைக்கு அடியில் அது நீளமாகத் துருத்திக்கொண்டிருக்கும். எதில் இடித்தாலும் ஆபத்துதான். சீனத்தில் ஹான் அரசமரபுக் காலத்து வெண்கலப் பொறி இதைவிட நேர்த்தியானது. விசை, இடைத்தாழ், நாணைப் பிடிக்கும் பற்கள் மூன்றும் இரண்டு முளைகளில் கோத்து ஒரு வெண்கலப் பெட்டிக்குள் அடங்கியிருக்கும். அதிலும் தனிப் பூட்டு இல்லை.

பூட்டைவிட முக்கியமானது, தாழும் உருளையும் முட்டிக்கொள்ளும் கோணம். முட்டும் முகத்துக்குச் செங்குத்தாகத் தாளில் ஒரு கோடு வரையுங்கள். அது தாழின் சுழல்முளை மையத்தின் வழியாகப் போனால் சுமை தாழை எந்தப் பக்கமும் தள்ளாது. கோடு ஒரு பக்கம் சற்று விலகினால் சுமையே தாழை உள்ளே இறுக்கும். அதுதான் நமக்கு வேண்டும். மறுபக்கம் விலகினால் சுமை தாழை வெளியே தள்ளப் பார்க்கும், உராய்வு ஒன்றுதான் அதை நிறுத்தி வைத்திருக்கும். பட்டறையில் பலமுறை சரியாக நின்ற வில், எண்ணெய் போட்ட மறுநாள் தானாக விடுபடுவது இதனால்தான். முட்டும் இடம் உருளையின் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. நாண் பிடிக்கும் இடம் 12 மி.மீ., தாழ் முட்டும் இடம் 18 மி.மீ. என்றால் தாழுக்கு வந்து சேர்வது 68 அல்ல, சுமார் 45 கிலோ. அலுமினிய உருளையாக இருந்தால் முட்டும் இடத்தில் கடினப்படுத்திய எஃகைப் பதியுங்கள். அவ்வப்போது உருப்பெருக்கிக் கண்ணாடியில் விளிம்பைப் பாருங்கள். வெளிச்சத்தில் மெல்லிய வெள்ளிக்கோடு மின்னினால் விளிம்பு மழுங்கி உருண்டுவிட்டது என்று பொருள்.

சோதனைக்கு வில்லின் கைகளை, அதாவது இருபுறமும் வளையும் தண்டுகளை, கழற்றிவிடுங்கள். கட்டையைச் செங்குத்தாக வைஸில் பிடித்து, உருளையில் கயிறு மாட்டி, மணல் மூட்டையைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கவிடுங்கள். 10 கிலோவில் தொடங்கி 68 வரை ஏற்றுங்கள். ஒவ்வொரு எடையிலும் ரப்பர் சுத்தியலால் கட்டையை நாலாபக்கமும் தட்டுங்கள். பிறகு பூட்டைப் போட்டு விசையை நன்றாக இழுத்து விட்டுவிடுங்கள். இப்போது பூட்டை எடுங்கள். மூட்டை அந்த நொடியில் விழுந்தால், விசையை இழுத்தபோது தாழ் பாதி நகர்ந்து அங்கேயே நின்றிருக்கிறது. அதைத் திருப்பிக் கொண்டுவரும் ஸ்பிரிங் வலுவில்லை. கடையில் வாங்கிய வில்லிலும் இந்தக் குறை வரலாம்.

அம்பில்லாமல் நாண் விடுபடுவது இன்னொரு தொல்லை. அம்புக்குப் போக வேண்டிய ஆற்றல் வில்லின் கைகளுக்கே திரும்பி அவற்றைப் பிளந்துவிடும். இன்றைய வில்களில் இதற்காக நாணுக்கு முன்னால் ஒரு சிறு கொக்கி இறங்கி நிற்கிறது. அம்பின் வால் வந்து தள்ளினால்தான் அது மேலே ஏறும். நல்ல ஏற்பாடு, நீங்களும் செய்யலாம். ஆனால் அம்பு வைத்தவுடன் அது விலகிவிடுகிறது; அதாவது ஆபத்து அதிகமாக இருக்கும் நேரத்தில் அது காவலுக்கு இல்லை. அதை நம்பி உருளைப் பூட்டைக் கைவிடாதீர்கள். நாண் பின்னால் வந்து உருளையைச் சுழற்றும்போதே பூட்டும் தானாக விழும்படி இணைத்தால், மறந்துபோவதற்கு வழியில்லை.

நாணேற்றிய வில்லைக் கையால் தளர்த்தலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. மழுங்கிய முனையுள்ள அம்பு ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொண்டு மென்மையான மண்ணில் எய்துவிடுங்கள். கட்டையின் பக்கங்களில் விரல் மேலே ஏறி நாணின் பாதைக்கு வராதபடி ஒரு பட்டையும் பொருத்துங்கள்.

கடைசியாக, விசை லேசாக இருக்க வேண்டும் என்ற உங்கள் ஆசை. போட்டி வில்களில் அடுக்கடுக்கான நெம்புகளால் விரல் பட்டாலே விடுபடும்படி செய்கிறார்கள். அவை சுடுகளத்தில் இலக்கை நோக்கி நிற்பவருக்கு. உங்களுக்கு ஒன்றரை, இரண்டு கிலோ இழுப்பு இருக்கட்டும். அதுவும் கரகரப்பாக இருந்தால் முட்டும் முகங்களை மெருகேற்றுங்கள். தாழ் உள்ளே அமரும் ஆழத்தை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.