ஸ்மார்ட் பிளக் காட்டும் வாட் கணக்கை நம்பலாமா?

கேள்வி: டாஸ்மோட்டா (பிளக்கை இயக்கும் மென்பொருள்) போட்ட ஸ்மார்ட் பிளக்கை ஹோம் அசிஸ்டன்டில் (வீட்டுச் சாதனங்களைக் கட்டுப்படுத்தும் மென்பொருள்) இணைத்தேன். 1000 வாட் அயர்ன் பாக்ஸுக்கு 830 காட்டுகிறது, போன் சார்ஜருக்கு 0. அதன் எனர்ஜி பக்கத்தில் (மின் செலவைக் காட்டும் பக்கம்) பிளக்கே வரவில்லை. என்ன கோளாறு?

பதில்: முதலில் வோல்டேஜைப் பாருங்கள். அயர்ன் பாக்ஸில் அச்சிட்டிருக்கும் 1000 வாட் 230 வோல்ட்டுக்கானது என்றால், 210 வோல்ட்டில் அது சுமார் 834 வாட்தான் இழுக்கும், அப்போது உங்கள் பிளக் சரியாகவே சொல்கிறது. வோல்டேஜ் 230 இருந்தும் குறைவாகக் காட்டினால்தான் கேலிபரேஷன், அதாவது அளவைத் திருத்துவது, தேவை. நம்பகமான மீட்டரோடு ஒப்பிட்டு டாஸ்மோட்டாவின் 'பவர்செட்' கட்டளையில் உண்மையான வாட்டைக் கொடுங்கள். இதற்கு அயர்ன் பாக்ஸ், குண்டு பல்பு மாதிரி பவர் ஃபேக்டர் 1 உள்ள (கம்பி சூடாகி மட்டும் இயங்கும்) சாதனம்தான் வேண்டும், எல்இடி பல்பை வைத்துத் தயவுசெய்து செய்யாதீர்கள். தெர்மோஸ்டாட் அணைந்திருக்கும் நேரத்திலும் அளக்க வேண்டாம்.

சார்ஜர் 0 காட்டுவதை விட்டுவிடுங்கள், அவ்வளவு சிறிய மின்னோட்டத்தில் பிளக்கில் உள்ள அளக்கும் சிப்கள் தடுமாறும்.

அப்புறம் எனர்ஜி பக்கம். அதற்கு அந்த நொடியின் வாட் போதாது, கூடிக்கொண்டே போகும் கிலோவாட் மணி சென்சார் வேண்டும். பிளக் அதை அனுப்பாவிட்டால், ஹோம் அசிஸ்டன்டின் ஹெல்பர்கள் பகுதியில் 'இன்டெக்ரல்' சென்சார் (வாட்டை நேரத்தோடு கணக்கிட்டு கிலோவாட் மணியாக்குவது) ஒன்றை உருவாக்கி அதைச் சேருங்கள்.