முழுநேர வேலையோடு ஈ.சி.ஈ படிக்க நினைக்கும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

கனடாவுக்கு நிரந்தரவாசியாக வந்து ஒன்பது மாதம், ஒன்ராறியோவில் ஒரு பொருட்கிடங்கில் முழுநேர வேலை, ஆறு வயதில் ஒரு மகள், முன்பே படித்து முடித்த ஒரு பட்டம். இனி ஈ.சி.ஈ, அதாவது சிறுபிள்ளைக் கல்வியாளருக்கான படிப்பு, படித்துச் சிறுபிள்ளைகளோடு வேலை செய்ய விருப்பம், ஆனால் வேலையை விட்டால் வாடகை கட்ட ஏலாது, இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியுமா என்று கேட்டிருந்தீர்கள்.

முடியும். நானும் அப்படித்தான் படித்தேன். இரண்டு வருட டிப்ளோமாவை முடிக்க எனக்கு நாலரை வருடம் எடுத்தது. அதில் ஒரு வருடத்துக்கு மேல் வீணாகப் போனது. அந்த ஒரு வருடம் உங்களுக்கும் போய்விடக் கூடாது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பாடங்களைப் பார்க்க முன்னர் பிளேஸ்மென்றை, அதாவது படிப்பின் பகுதியாக ஒரு நிலையத்தில் செய்ய வேண்டிய நேரடிப் பயிற்சியை, பாருங்கள். கொலிஜ்களின் பகுதிநேரப் பிரிவில் ஈ.சி.ஈ பாடங்கள் மாலையில் இருக்கும், சனிக்கிழமையில் இருக்கும், ஒன்லைனிலும் இருக்கும். அந்த நேர அட்டவணையைப் பார்த்தால் இது வேலையோடு சரிவரும் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்துக்கு வருவது பகலில், திங்கள் முதல் வெள்ளி வரை. ஆகவே பிளேஸ்மென்றும் பகலில்தான். கிழமைக் கணக்கில் போக வேண்டும், பெரும்பாலும் சம்பளம் இல்லை. நான் இரண்டு வருடம் இரவிரவாகப் படித்து அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தபோது, அப்போது வேலை செய்த இடத்தில் லீவு கேட்டேன். மறுத்துவிட்டார்கள். நேரத்தை மாற்றித் தரக் கேட்டேன், அதற்கும் மறுப்பு. ஒன்ராறியோவின் தொழில் சட்டத்தில் சுகயீனத்துக்கு, பிள்ளைப்பேற்றுக்கு, துக்கத்துக்கு எல்லாம் லீவு இருக்கிறது, படிப்புக்கென்று இல்லை. ஆகவே அது மனேஜரின் விருப்பம். எழுத்துப் பாடங்கள் எல்லாம் முடிந்தும் பிளேஸ்மென்ற் இல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே நின்றேன். தோல்வி அடைந்திருந்தாலாவது திரும்ப எழுதியிருக்கலாம். கையில் எல்லாம் இருந்தும் வாசலில் நிற்பது அதைவிடக் கஷ்டம்.

கடைசியில் வேலையை மாற்றினேன், அதுவும் பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்துக்கே. அதைத்தான் உங்களை இப்போதே யோசிக்கச் சொல்கிறேன். அந்த நிலையங்களில் எல்லாரும் பதிவு பெற்ற ஈ.சி.ஈ ஆக இருக்க வேண்டியதில்லை. ஒன்ராறியோவின் பொதுவான விதிப்படி ஒன்றரை முதல் இரண்டரை வயது வரையான 15 பிள்ளைகள் உள்ள அறையில் மூன்று பேர் வேலை செய்ய வேண்டும். அந்த மூவரில் ஒருவர் தகுதி பெற்றவராக இருந்தால் போதும். மற்ற இடங்களுக்கு உதவியாளர்களை எடுக்கிறார்கள். பொலிஸ் சரிபார்ப்பு, தடுப்பூசிப் பதிவு, முதலுதவிச் சான்றிதழ் ஆகியவற்றைக் கேட்பார்கள். பிளேஸ்மென்றுக்கும் இவை வேண்டும் என்பதால் இவற்றை எடுக்க அலைந்தது வீண் போகாது.

சம்பளம் குறையலாம். பொருட்கிடங்கில் ஓவர்ரைமோடு வரும் காசு ஓர் உதவியாளருக்கு வராது. வீட்டில் இருவரும் இருந்து கணக்குப் பாருங்கள். என்னைக் கேட்டால், அந்தக் குறைவைத் தாங்க முடியுமென்றால் மாறுங்கள். பகலில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கடித்ததைப் பிரித்துவிட்டு, இரவில் அந்த வயதுப் பிள்ளை ஏன் கடிக்கிறது என்று வாசித்தால் ஒரு தரம் வாசித்தது தலையில் நிற்கும். பெட்டி அடுக்கிவிட்டு வந்து அதே பக்கத்தை நான் நான்கு தரம் வாசித்திருக்கிறேன். இன்னொன்று, சில கொலிஜ்கள் பிளேஸ்மென்றின் ஒரு பகுதியை வேலை செய்யும் நிலையத்திலேயே செய்ய விடுகின்றன. எல்லாக் கொலிஜும் விடாது, சேர முன்னரே கேளுங்கள். உரிமம் பெற்ற நிலையத்தில் வேலை செய்துகொண்டு படிப்பவர்களுக்கு மாகாணத்தின் உதவித்தொகைத் திட்டமும் உண்டு, வேலையோடு சேர்ந்த பயிற்சிநிலை வழியும் உண்டு. நிலையத்தின் சுப்பர்வைசரிடம் கதைத்தால் இரண்டையும் சொல்லுவார்.

இனிப் பாடங்கள். முதல் செமஸ்ரரில் ஒன்று மட்டும் எடுங்கள். ஒன்றே ஒன்று.

நான் மூன்று எடுத்தேன். இந்த நாட்டில் நேரத்தை வீணாக்கிவிட்டேன் என்ற பயம்தான் காரணம், உங்களுக்கும் அது இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு பாடத்துக்கு வகுப்பு, வாசிப்பு, அசைன்மென்ற் எல்லாம் சேர்த்துக் கிழமைக்கு எட்டு மணித்தியாலம் போனது. மூன்றுக்கு இருபத்துநாலு. நாற்பது மணித்தியால வேலையோடு, மகனுக்கு அப்போது எட்டு வயது. மார்கழி நெருங்க வேலையில் ஓவர்ரைம் கூடியது, அதே கிழமைகளில்தான் எல்லா அசைன்மென்றும் வந்து நின்றன. ஒரு நாள் இரவு வகுப்பு முடிந்து பஸ்ஸில் ஏறியவள், கடைசித் தரிப்பிடத்தில் சாரதி எழுப்பத்தான் கண் விழித்தேன். வீடு போய்ச் சேர நள்ளிரவு. மகன் படுக்காமல் கதிரையில் இருந்தபடியே நித்திரையாகிக் கிடந்தான். அடுத்த நாள் ஒரு பாடத்தை விடப் போனேன். அபராதமில்லாமல் விலகும் கடைசி நாள் முந்தின கிழமையே முடிந்துபோயிருந்தது. அந்தப் பாடத்தில் எடுத்த தோல்வி இன்னமும் என் பெறுபேற்றுத் தாளில் இருக்கிறது.

ஆகவே செமஸ்ரர் தொடங்கும் அன்றே இரண்டு திகதிகளை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒன்று காசு திரும்பக் கிடைக்கும் கடைசி நாள், அது கெதியாக வந்துவிடும். மற்றது பெறுபேற்றில் பதியாமல் விலகும் கடைசி நாள். விலகுவது வெட்கம் இல்லை. வீட்டில் ஒரு காய்ச்சல் வந்தாலே கணக்கு மாறிவிடும்.

ஓவர்ரைம் பற்றி இதையும் தெரிந்துவைத்திருங்கள். ஒன்ராறியோவில் பொதுவாகக் கிழமைக்கு 48 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்ய உங்களுடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். முன்பு கையெழுத்து வைத்திருந்தாலும் இரண்டு கிழமை முன்னறிவித்தல் எழுதிக் கொடுத்து அதை மீளப் பெறலாம். சேரும்போது தந்த தாள்களுக்குள் அந்தச் சம்மதமும் இருக்கக்கூடும், எடுத்து வடிவாக வாசியுங்கள்.

காசு விஷயம் சுருக்கமாக. முழுப் பாடச்சுமையில் 20 முதல் 59 சதவீதம் வரை படிப்பவர்களுக்கும் ஓசாப் என்ற மாகாண மாணவர் நிதியுதவி இருக்கிறது. ஐந்து பாடம் முழுச்சுமை என்றால் ஒரு பாடமே 20 சதவீதம், அதனால் ஒன்று எடுத்தாலும் விண்ணப்பிக்கலாம். மத்திய அரசின் மாணவர் கடனுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் வட்டி இல்லை. கட்டிய கட்டணத்தைக் காட்டி கொலிஜ் தரும் ரி2202 வரிப் படிவத்தைப் பத்திரமாக வைத்து வரி செய்யும்போது கொடுங்கள். 26 முதல் 65 வயது வரையானவர்களுக்கு, மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், கனடா பயிற்சி வரவு என்ற வரிச் சலுகையாக வருடத்துக்கு 250 டொலர் சேர்ந்துகொண்டு வரும், கட்டணம் கட்டிய வருடத்தில் அதிலிருந்து எடுக்கலாம். அது சேர வருடாவருடம் வரிப் பத்திரம் கொடுத்திருக்க வேண்டும். யாராவது 'வேலையை விட்டுவிட்டு ஈ.ஐ (வேலையிழந்தோருக்கான காப்புறுதிக் காசு) எடுத்துக்கொண்டு படி' என்று சொன்னால் கேட்க வேண்டாம். தானாக விட்டுவிட்டுப் படிக்கப் போனவருக்குப் பொதுவாக அது கிடைக்காது.

உங்கள் பட்டத்தைக் கணிப்பீடு செய்வித்து, எந்தப் பாடங்களிலிருந்து விலக்குத் தருவீர்கள் என்று கொலிஜிடம் சேர முன்னரே கேளுங்கள். பொதுப் பாடங்கள் ஒன்றிரண்டு கழியலாம். நான் மூன்றாம் வருடத்தில்தான் கேட்டேன், கழிந்திருக்க வேண்டிய இரண்டையும் அதற்குள் காசு கட்டிப் படித்து முடித்துவிட்டேன். இன்னொரு இடத்தில் பலருக்குக் குழப்பம் வருகிறது. 'கொலிஜ் ஒவ் ஏர்லி சைல்ட்ஹூட் எடியுகேற்றர்ஸ்' என்பது படிக்கும் இடம் இல்லை. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த பதிவுச் சபை அது. படித்து முடித்த பிறகு அங்கே பதிந்தால்தான் ஈ.சி.ஈ என்று பெயர் போட்டு வேலை செய்யலாம். வெளிநாட்டில் இதே துறையில் படித்தவர்களின் தகுதியையும் அவர்கள் பார்ப்பார்கள்.

எழுத்து வேலை உங்களைப் பயமுறுத்தக்கூடும். நாங்கள் புத்தகத்தில் இருப்பதை அப்படியே மனப்பாடம் செய்து எழுதிப் புள்ளி வாங்கிய ஆட்கள். இங்கே அதையே செய்தால் களவு என்பார்கள். என்னுடைய முதல் அசைன்மென்றில் பாடப்புத்தகத்தின் மூன்று வரி அப்படியே இருந்தது, எங்கேயிருந்து எடுத்தேன் என்று நான் குறிப்பிடவில்லை. ஆசிரியர் கூப்பிட்டுக் கதைத்தார். அவர் நல்லவர், திருப்பி எழுத விட்டார். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன், ஏனென்றால் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் என்னைக் களவு என்ற சொல்லோடு சேர்த்துக் கதைத்திருந்தார். கொலிஜ் நூலகத்தில் எழுத்துக்கு உதவி செய்யும் ஆட்கள் இருக்கிறார்கள், அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. முதல் அசைன்மென்றைக் கொடுக்க முன்னர் அவர்களிடம் கொண்டுபோங்கள். 'ஆங்கிலம் தெரியாதவள்' என்று நினைப்பார்களோ என்று நான் ஒரு வருடம் போகாமல் இருந்தேன். போனபோது அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் இங்கேயே பிறந்த பிள்ளைகள்.

வீட்டில் 'நான் படிக்கப் போகிறேன்' என்று மட்டும் சொன்னால் எல்லாரும் சந்தோஷப்படுவார்கள், ஒன்றும் மாறாது. மணிக்கணக்கில் சொல்லுங்கள். நான் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை வீட்டில் இல்லை என்று சொல்லிவிட்டு நூலகத்துக்குப் போய்விடுவேன். வீட்டுக்குள் இருந்தால் கதவு தட்டுப்படும். முதல் மாதம் என் கணவருக்கு அது பிடிக்கவில்லை, அவருக்கும் ஓய்வு நாள் அது ஒன்றுதான். பிறகு அவரும் மகனும் தங்களுக்கென்று அந்த நாலு மணித்தியாலத்தைப் பழகிக்கொண்டார்கள். பதிலுக்கு மே மாதம் தொடங்கும் செமஸ்ரரில் நான் ஒரு பாடமும் எடுக்கவில்லை, அந்தக் கோடை முழுக்க அவர்களோடு இருந்தேன். நீங்களும் அப்படி ஒரு செமஸ்ரரை விடலாம், ஆனால் முழுப் படிப்பையும் எத்தனை வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற எல்லையைக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கிழமை இரண்டு தொலைபேசி அழைப்புகள் எடுங்கள். ஒன்று கொலிஜுக்கு: பிளேஸ்மென்ற் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை கிழமை, வேலை செய்யும் நிலையத்தில் செய்யலாமா. மற்றது உங்கள் வீட்டுக்குக் கிட்டவுள்ள பராமரிப்பு நிலையத்துக்கு: உதவியாளர் வேலை இருக்கிறதா. இரண்டு பதிலையும் எனக்கு எழுதுங்கள். எந்தப் பாடத்தை முதலில் எடுப்பது என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா