நகைக்கடை வாசலில் இருக்கும் ஷாட்கனும் தோட்டத்தில் பன்றி விரட்டும் ஷாட்கனும் ஒன்றா?

பினாங்கு லிட்டில் இந்தியா நகைக்கடை வாசலில் ஜாகா (காவலர்) பிடித்திருக்கும் குட்டைத் துப்பாக்கியைப் பார்த்துவிட்டுப் பலர் கேட்கும் கேள்வி இது.

ஷாட்கன் என்பது ஒரே தோட்டாவிலிருந்து பல ஈய உருண்டைகளைச் சேர்த்து வீசும் துப்பாக்கி. தோட்டத்தில் இருக்கும் நீளமான பழைய பாணி, வாசலில் இருக்கும் குட்டையான புதிய 'டாக்டிகல்' (காவல் வேலைக்கான) பாணி இரண்டும் பெரும்பாலும் அதே 12 கேஜ் (குழல் துளையின் அளவு) தோட்டாவைத்தான் சுடும். வலுவில் பெரிய வித்தியாசம் கிடையாது. கப்சாய் மோட்டார் ஒன்றுக்குக் கூடை மாட்டினாலும், ஹேண்டிலை மாற்றி ரேஸ் வண்டி மாதிரி ஆக்கினாலும், உள்ளே எஞ்சின் அதேதானே?

மாறுவது உடல்தான். பழைய பாணியில் குழல் சுமார் 66 முதல் 76 செ.மீ. வரை. எடை முன்பக்கம் இருப்பதால் சுடும் விளையாட்டில் பறக்கவிடும் களிமண் தட்டைத் தொடர்ந்து குறி வைக்கும்போது கை நடுங்காமல் சீராக நகரும். இரட்டைக்குழல் என்றால் இரண்டே தோட்டா. விளையாட்டுக்கு அது போதும். டாக்டிகலில் குழல் 46 முதல் 51 செ.மீ. கதவிடுக்கு, வண்டிக்குள் எல்லாம் திருப்ப வசதி. தோளில் வைக்கும் பிளாஸ்டிக் கட்டை, டார்ச் மாட்ட இடம், கூடுதல் தோட்டா. சிலவற்றில் தோற்றத்துக்காக மட்டும் சேர்த்த சாமான்களும் உண்டு என்பது என் எண்ணம்.

மலேசியாவில் எதுவானாலும் 1960 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். என்ன வேலைக்கு என்பதே முதல் கேள்வி, பாணி அப்புறம்.

'ஷாட்கனுக்குக் குறியே வேண்டாம், அறை முழுக்கச் சிதறும்' என்பது தப்பு: 5 மீட்டர் தூரத்தில் சிதறல் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம்தான்.